காற்றுக்கு முந்திச் சொல் வரட்டும்!

மாரி பிறந்துவிட்டால் வன்னி மண்ணில் இருவர் கண்ணுறங்குவதில்லை. ஒருவன், குளக்கட்டைப் பார்த்து நிற்கும் கமக்காரன்; மற்றவன், கடலைப் பார்த்து நிற்கும் மீனவன். நீர் குறைந்தாலும் கமக்காரனுக்குக் கேடு. மிகுந்தாலும் அவனுக்கே கேடு. காற்று முறைதவறினால் மீனவனின் வள்ளமும் வலையும் வாடியும் ஒரே இரவிற் போய்விடும். ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை இவ்விருவருடைய உயிரும் உடைமையும் வங்காள விரிகுடாவின் மனப்போக்கைப் பொறுத்தே நிற்கின்றன.

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அந்த விரிகுடா தன் சீற்றத்தை இத்தீவு முழுவதற்கும் காட்டியது. ‘டித்வா’ எனப் பெயரிடப்பட்ட புயல் நவம்பர் 28ஆம் நாள் கிழக்குக் கரையைத் தாக்கி, வடதிசை நோக்கி மெல்ல ஊர்ந்து சென்றது. ஊர்ந்து சென்றதே கொடுமையாயிற்று. விரைந்து கடக்கும் புயல் காற்றால் அழிக்கும். ஊர்ந்து கடக்கும் புயல் நீரால் அழிக்கும். 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தில் மண் சரிந்து மனைகளை மூடியது. நாட்டுக்கு நேர்ந்த நேரடிச் சேதத்தின் பெறுமதி ஏறத்தாழ 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி கணக்கிட்டது. வன்னியிலோ குளங்கள் வான் பாய்ந்தன, வயல்கள் மூழ்கின, ஊருக்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்து அறுந்தது.

“இது இயற்கையின் செயல்; இதற்கு யாரை நோவது?” என்று கேட்பார் உளர். நாமும் ஒப்புக்கொள்கிறோம்: காற்று இயற்கையினுடையது, மழை இயற்கையினுடையது. ஆனால், காற்று வருகிறதென்ற செய்தி யாருடையது? குளத்துக் கதவைத் திறக்கும் கை யாருடையது? முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா என்ற முடிவு யாருடையது? மக்கள் ஓடி ஒதுங்குதற்கு ஒரு கட்டடம் உண்டா, இல்லையா என்பது யார் பொறுப்பு? இவை யாவும் மனிதர் செயல்கள், ஆட்சியின் செயல்கள். இவற்றைப் பற்றிக் கேட்பதற்கு மக்களுக்கு முழு உரிமையுண்டு.

புயல் நமக்குப் புதிதன்று

வன்னிக்கும் புயலுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் வீசிய பெரும்புயல் வவுனியாப் பகுதியை ஊடறுத்துச் சென்றே பாக்கு நீரிணையிற் புகுந்தது. அன்றிரவு அது தனுஷ்கோடியை உலக வரைபடத்திலிருந்தே துடைத்துவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் புகையிரதத்தைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் நடந்துவந்த கப்பற் போக்குவரத்து அந்த இரவோடு முடிந்தது. தனுஷ்கோடியை உலகம் இன்றும் நினைக்கிறது. அந்தக் காற்று அதற்கு முன்னே மிதித்து வந்த நிலம் நம்முடைய நிலம் என்பதை நினைப்பவர் எத்தனை பேர்?

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. ஏறத்தாழ 900 உயிர்கள் போயின. தென்னந்தோப்புகள் தலையறுந்து நின்றன. 2000 டிசெம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலைக் கரையைத் தாக்கித் தீவை ஊடறுத்து மேற்கே சென்றது. 2008 நவம்பரில் ‘நிஷா’ வந்தது. அப்பொழுது வன்னியிற் போர் மூண்டிருந்தது. வீடு வாசலை விட்டு வந்த மக்கள் மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் கிடந்தனர். மேலே குண்டு, கீழே வெள்ளம் என்னும் நிலையை அம்மக்கள் கண்டனர். 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு ‘புரெவி’ திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறி, வன்னியின் ஊடாகவே மன்னார் வளைகுடாவுக்குச் சென்றது.

புரெவி கரையேறிய இடம் திருகோணமலை மாவட்டத்திலன்றோ, முல்லைத்தீவுக்கு அதனால் என்ன என்று எண்ணுதல் தவறு. நமது பாகத்திற் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் வடபுறத்திற் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடலையும் அது கூடவே தள்ளிக்கொண்டு வரும். தென்புறத்திலோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே, திரியாயில் ஒரு புயல் கரையேறும்போது கொக்கிளாய், நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு ஆகிய கரைகளே அதன் கொடிய பக்கத்தில் நிற்கின்றன. “திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடக்கும்” என்று வானொலி சொல்லும்போது, “நமக்கு வரவில்லை” என்று மூச்சுவிடுவோர் இந்த உண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும்.

மேலிருந்தும் நீர், கீழிருந்தும் நீர்

வன்னி குளங்களின் நாடு. செட்டிகுளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், வவுனிக்குளம் என்று ஊர்ப் பெயர்களே குளத்தைச் சொல்லும். அந்தக் குளங்கள் நமக்குச் சோறு போடுகின்றன. ஆனால், பெருமழைக் காலத்தில் அதே குளங்கள் தலைக்கு மேல் தொங்கும் நீராக நிற்கின்றன.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 இலட்சம் கன மீற்றர் நீர். 100 சதுர கிலோமீற்றரில் அதே மழை பெய்தால் 1 கோடி கன மீற்றர். நனைந்து நிறைந்த நிலம் இந்நீரை உறிஞ்சாது. அது வாய்க்காலைத் தேடும்; ஆற்றைத் தேடும்; இறுதியிற் குளத்தைத் தேடும். குளம் ஏற்கெனவே நிறைந்திருந்தால், வந்த நீர் முழுவதும் கீழேயுள்ள ஊரைத் தேடும்.

வவுனியாவின் வடபாகத்திற் பெய்யும் மழை கனகராயன் ஆற்றின் வழியே இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. இரணைமடு நிறைந்தால் அந்த நீர் கிளிநொச்சியின் தாழ்நிலங்களைக் கடந்து சுண்டிக்குளம் கடனீரேரிக்குச் செல்ல வேண்டும். பேராற்றின் நீர் முத்தையன்கட்டுக் குளத்தைத் தாண்டி நந்திக்கடலுக்குச் செல்ல வேண்டும். ஆனால் புயல் வரும் நாளில் நடப்பது யாது? கடல் உயர்ந்து நிற்கும். களப்பின் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்திருக்கும். மேலிருந்து வரும் நீருக்கு வழியில்லை. கீழிருந்து வரும் கடலுக்குத் தடையில்லை. இரண்டுக்கும் நடுவே கிடப்பது மனிதர் குடியிருப்பு.

தனுஷ்கோடிக்குக் கடல் மட்டுமே பகையாயிற்று. மலையகத்துக்கு மழை மட்டுமே பகையாயிற்று. வன்னிக்கோ கடலும் குளமும் ஒரே இரவில் பகையாகக்கூடும். இந்த நிலவமைப்பை அறியாது கொழும்பில் இருந்து விடுக்கப்படும் பொதுவான எச்சரிக்கை, நமக்கு அரை எச்சரிக்கையே.

டித்வாக் காலத்திற் சுண்டிக்குளப் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த 5 கடற்படையினர் நீரில் அகப்பட்டு மாண்டனர். அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளாயினும் நம் மக்களுக்காக உழைக்கையில் இறந்தவர்கள். அவர்களுக்காக நாம் வருந்துகிறோம். அதே மூச்சில் ஒன்றைக் கேட்கிறோம்: வெள்ளம் தலைக்கு மேல் வந்தபின் வெட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? புரட்டாதியில், நிலம் உலர்ந்திருக்கும்போது, கரையோர மீனவரின் அனுபவத்தைக் கேட்டு அவ்வழியைச் சீர்செய்து வைத்திருந்தால் அந்த ஐந்து உயிர்களைப் பலிகொடுக்க நேர்ந்திருக்குமா?

மதகு யார் கையில்?

2018 டிசெம்பர் 21ஆம் நாள் இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்ட வெள்ளத்தை மக்கள் மறக்கவில்லை. இரணைமடுக் குளத்தின் கட்டு உயர்த்தப்பட்டு, 36 அடி வரை நீர் கொள்ளும்படி புதுக்கப்பட்ட ஆண்டு அது. அந்த மாரியிலேயே பெருமழை கொட்டியது. கதவுகள் திறக்கப்பட்டன, தாழ்ந்த ஊர்களில் வெள்ளம் புகுந்தது. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா, கீழேயிருந்த மக்களுக்கு முன்னறிவித்தல் போதிய அளவு கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

இங்கே ஓர் அதிகாரியையோ ஒரு பொறியியலாளரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. குளத்தை நிறைத்து வைக்காவிடிற் சிறுபோகத்துக்கு நீரில்லை என்று கமக்காரர் முறையிடுவர். நிறைத்து வைத்தால் வெள்ளம் வரும்போது தாழ்நில மக்கள் முறையிடுவர். இரு முறையீடும் நியாயமானவை. இந்த இரண்டையும் ஒருங்கே எடைபோட்டு, மழை வருமுன் எவ்வளவு நீரை வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அறிவும் மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். இல்லை என்பதே நம் குறை.

மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் ஒருபுறம். மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம் மறுபுறம். சிறு குளங்களுக்குக் கமநலத் திணைக்களம். அனர்த்தத்துக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நிலையம். காட்டோரக் குளமாயின் வனத்திணைக்களத்தின் அனுமதி. நீருக்கு இந்த எல்லைகள் தெரியா. ஒரு சிறு குளம் உடைந்தால் அதன் நீர் அடுத்த குளத்தை உடைக்கும். அது அதற்கடுத்ததை உடைக்கும். “அது என் திணைக்களத்துக் குளமன்று” என்று வெள்ளத்துக்கு யார் சொல்வது?

வடக்கு மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவு செய்யப்பட்டது. 2018 ஒக்டோபரில் அதன் ஆயுட்காலம் முடிந்தது. இரண்டு மாதம் கழிந்து கிளிநொச்சி வெள்ளம் வந்தது. அப்பொழுது மாகாணத்தில் மக்கள் தெரிந்தெடுத்த ஒரு நீர்ப்பாசன அமைச்சர் இல்லை. ஆளுநரின் நிருவாகமே இருந்தது. அதன் பின்னரும் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. புரெவியும் டித்வாவும் அந்த வெறுமையிலேதான் வந்தன. மாகாண சபை இருந்திருந்தால் புயல் நின்றுவிடுமா என்று எள்ளுவோருக்கு நாம் சொல்வது இதுதான்: புயல் நில்லாது, ஆனால், மதகைப் பற்றிக் கேட்பதற்கு மக்களுக்கு ஒரு வாயில் இருந்திருக்கும். கேள்விக்கு அஞ்சும் ஆட்சி விழித்திருக்கும். கேட்பாரில்லாத ஆட்சி உறங்கும்.

தாய்மொழியில் வராத எச்சரிக்கை

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரசியலமைப்பிலே தமிழுக்கு இடமுண்டு. பெயர்ப் பலகையிலே இடமுண்டு. ஆபத்து வரும் இரவிலே இடமுண்டா? டித்வாக் காலத்தில் அவசர அறிவித்தல்கள் பல முதலிற் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமே வெளிவந்தன, தமிழிற் பிந்தியே வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலையகத்துத் தமிழனுக்கும் முல்லைத்தீவுத் தமிழனுக்கும் அந்தத் தாமதத்தின் பொருள் ஒன்றே.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பிந்தினால் வழக்குத் தவணை போடப்படும். பாடசாலையிற் புத்தகம் பிந்தினால் பாடம் பிந்தும். புயல் எச்சரிக்கை பிந்தினால் என்ன பிந்தும்? ஒன்றும் பிந்தாது, காற்று தன் வேளைக்கு வந்து சேர்ந்துவிடும். மற்ற இடங்களில் மொழியுரிமை மானப் பிரச்சினை. இங்கே அது உயிர்ப் பிரச்சினை.

நாம் தமிழுக்கு மட்டும் கேட்கவில்லை. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வாடியமைத்துத் தொழில்புரியும் சிங்கள மீனவரும் உளர். அவர்களுக்குச் சிங்களத்தில் எச்சரிக்கை கிடைப்பது எவ்வளவு நியாயமோ, பக்கத்து வாடியிலிருக்கும் தமிழ் மீனவருக்குத் தமிழிற் கிடைப்பதும் அவ்வளவே நியாயம். ஒரே அலை இருவரையும் அடிக்கும். ஒரே நிமிடத்தில் இருவருக்கும் செய்தி சேரட்டும்.

மொழி மட்டும் போதாது. செய்தி விளங்கவும் வேண்டும். “காற்றின் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர்” என்ற அறிவித்தலைக் கேட்டு ஒரு தாய் என்ன செய்வாள்? “இன்று இருட்டுமுன் தகரக் கூரை வீட்டை விட்டுப் பாடசாலைக்குப் போங்கள், மாட்டைக் கட்டவிழ்த்து மேட்டுநிலத்துக்கு ஓட்டுங்கள், காற்று திடீரென ஓய்ந்தால் அது புயலின் கண், வெளியே வராதீர்கள், எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும்” என்று சொன்னால், அவள் செய்யத்தக்கதைச் செய்வாள். கொழும்பின் வாசகத்தைக் கிராமத்தின் வாசகமாக்க ஓர் அலுவலர் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருத்தல் வேண்டும்.

பிறர் செய்து காட்டியது

ஏழை நாடு என்ன செய்யும் என்று கைவிரிப்போருக்குக் கியூபாவைக் காட்டுகிறோம். 1963 ஒக்டோபரில் ‘புளோரா’ என்னும் சூறாவளி அத்தீவில் 1,700க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பின் அந்நாடு தெருத்தோறும் குடிகாப்பு முறையை அமைத்தது. யார் வீட்டில் முதியவர் உளர், யார் வீட்டிற் கர்ப்பிணி உளர், யாரை யார் தூக்கிச் செல்வது என்பதுவரை எழுதி வைத்தது. 2004இல் ‘ஐவான்’ என்னும் பெருஞ்சூறாவளி நெருங்கியபோது 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டனர். ஓர் உயிரும் போகவில்லை.

ஒடிசாவைப் பாருங்கள். 1999இல் அங்கு வீசிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 பேரை மாய்த்தது. 2013இல் ‘பைலின்’ வந்தபோது ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை நூற்றுக்கும் கீழே நின்றது. இடையில் மாறியது காற்றின் குணமன்று; ஆட்சியின் குணம்.

வங்காளத்துக் கதை அரசியலாளருக்கு உரிய பாடம். 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் 3 இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். தொலைவிலிருந்த தலைநகர் காட்டிய அசட்டை அம்மக்களின் நெஞ்சிற் புண்ணாயிற்று. அடுத்த மாதமே தேர்தல் நடந்தது. அதன் முடிவு உலகறிந்தது. “அனர்த்தத்தில் அரசியல் பேசாதீர்” என்று அறிவுரை கூறுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். மக்களின் துயரை மதியாத ஆட்சிதான் அனர்த்தத்தை அரசியலாக்குகிறது.

நம் கடன்

அரசாங்கத்தை மட்டும் சுட்டிவிட்டு நாம் கைகட்டி இருப்பது முறையாகாது. “போ” என்று எச்சரிக்கை வந்தும் போகாதிருப்போர் நம்மிடையே பலர். அதன் காரணத்தை நாம் அறிவோம். இடம்பெயர்தல் என்ற சொல்லே வன்னி மக்களுக்கு ஆறாத வடு. ஒருமுறை வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வந்தபோது கூரையில்லை. சிலருக்கு நிலமே இல்லை. ஆகையால், “செத்தாலும் என் முற்றத்திற் சாகிறேன்” என்று முதியவர் சொல்வது அறியாமையன்று, பட்ட பாடு. அவர்களை அதட்டிப் பயனில்லை. உங்கள் வீட்டையும் மாட்டையும் பார்க்க ஊர் இளைஞர் காவல் நிற்பர், காற்று அடங்கிய மறுநாள் நாங்களே கூட்டி வருவோம் என்று முகந்தெரிந்தவர் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையை எந்தச் சுற்றறிக்கையும் கொடுக்காது, ஊரே கொடுக்கும்.

கமக்கார அமைப்பும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் கோயிற் பரிபாலன சபையும் தேவாலயமும் பள்ளிவாசலும் மாரிக்கு முன்னே ஒருநாள் ஒருங்கே கூடட்டும். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வள்ளம் கடலிலுள்ளது, எந்தக் குளக்கட்டிற் கசிவுண்டு, எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போகும் இரவிலே கோயில் மணியும் ஒலிபெருக்கியும் சைக்கிளிற் செல்லும் ஓர் இளைஞனும் பெருந்துணையாவர்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை ஐந்து. எச்சரிக்கை ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் வெளிவரல் வேண்டும். குளக் கதவுகள் திறக்கப்படும் நேரமும் நீர் வந்து சேரும் நேரமும் கீழுள்ள ஒவ்வோர் ஊருக்கும் முன்னறிவிக்கப்படல் வேண்டும். களப்பு முகத்துவாரங்கள் மாரிக்கு முன் மீனவரின் ஆலோசனையோடு சீர்செய்யப்படல் வேண்டும். கரையோரப் பாடசாலைகள் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தாங்கி நிற்கும் மாடிக் கட்டடங்களாகக் கட்டப்படல் வேண்டும். பெருங்குளம், சிறுகுளம் என்ற பேதமின்றி, ஓர் ஆற்றின் நீர் முழுவதையும் ஒருங்கே பார்க்கும் அதிகாரம், மக்களால் தெரிவு செய்யப்பட்டோரின் கையில் மாகாணத்திலேயே இருத்தல் வேண்டும்.

இவற்றில் எது பேராசை? எது பிரிவினை? எது மற்றோர் இனத்துக்குத் தீங்கு? உயிரோடிருக்க வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர இவற்றில் வேறெதுவும் இல்லை.

அடுத்த புயலுக்கு எந்த நாடு என்ன பெயரிடும் என்பது பட்டியலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த இரவில் நம் கரைக்கு வரும் என்பது எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்த இரவுக்கு முன் நமக்குக் கிடைத்திருப்பது சில உலர்ந்த மாதங்கள். குளக்கட்டில் மண் போட அவை போதும். முகத்துவாரத்தை வெட்ட அவை போதும். ஓர் எச்சரிக்கையைத் தமிழில் எழுதவோ ஒரு மணித்தியாலம் போதும். செய்ய மனமுண்டா என்பதே கேள்வி. அதற்கு விடை கொழும்பிலிருந்து வரும்வரை நம் ஊர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முதற் கூட்டத்தை வரும் ஞாயிற்றுக்கிழமையே கூட்டுங்கள்!